வளைவுக்கான கூலி

நேராகத் தோண்டச் சொன்னாள் அட்ராக்டா.
வேலி மூலையிலிருந்து ஓடை வரை
நூற்றுப் பத்து மீட்டர்.
மீட்டருக்கு இவ்வளவென்று பேச்சு,
டீசல் என் பொறுப்பு.

டெரிலாகனில் நான்கு வீடு, இரண்டில்தான் புகை.
ஊர்ப்பெயரை உடைத்தால்
பள்ளத்துக் கருவாலித் தோப்பு என்று வரும்.
பள்ளம் இருக்கிறது.
கருவாலி ஒன்றுகூட இல்லை.
கோரைதான், முழங்கால் உயரம்,
மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகிற கோரை.

அறுபதாவது மீட்டரில்
வாளியின் சத்தம் மாறியது.
களிமண் ஈரத்துணி கிழிகிற மாதிரி வரும்.
இது யாரோ கற்கண்டு கடிக்கிற சத்தம்.
இறங்கிப் பார்த்தேன்.
அடுப்புக்கரி நிறத்தில் மண்,
மண்ணெல்லாம் கல், உள்ளங்கைக்குள் அடங்குகிற கல்,
ஒன்றாவது முழுசாக இல்லை.
தீயில் சிவந்து தண்ணீரில் பிளந்து
விளிம்பு இன்னும் விரலைக் கீறுகிறது.

அடுத்த வாளி மரத்தில் தட்டியது.

பலகை. கதவளவு அகலம்.
பக்கத்துக்கு ஒன்றாய் இன்னும் இரண்டு, நிமிர்ந்து.
சவப்பெட்டி என்றுதான் முதலில் நினைத்தேன்.
எஞ்சினை நான் அணைத்தது மரியாதையால் அல்ல,
பயத்தால்.
அண்ணனின் ரப்பர் பூட்ஸில்
அவள் வயலைக் கடந்து வருவதற்குள்
தொட்டி நிறைந்துவிட்டது.
யாரும் ஊற்றவில்லை.
விட்ட வேலையைத் தொடர்கிற மாதிரி
அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

பலகையில் வாச்சி வெட்டு
நேற்றுச் செதுக்கியது போல மஞ்சளாய்.
இடக்கைக்காரன் வெட்டு, என்றாள்.
எப்படித் தெரியும்?
விறகு பிளந்தால் எனக்கும் இப்படித்தான் சாயும்.
பிளாஸ்கிலிருந்து நான் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள்
காற்றுப் பட்ட மஞ்சள்
தேனாகி, பழுப்பாகி,
எங்கள் கண்ணெதிரே கறுத்துப்போனது.

நெடுஞ்சாலை வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.
கல்லைச் சுட்டுச் சுட்டுப் போட்டு
தண்ணீரைக் கொதிக்கவைத்த இடம்.
நான்கு நிபுணர்கள் சுற்றி நின்றார்கள்.
இறைச்சி வெந்தது என்றார் ஒருவர்.
குளியல் என்றார், பீர் என்றார், தோல் பதனிட என்றார்.
மதியம் ஆனதும்
நால்வரும் ஒரே காரில் சாப்பிடப் போனார்கள்.

துறைக்குச் சொல்ல வேண்டும், என்றேன்.
சொன்னால்?
கூடாரம் வரும். கோடை முழுக்க வயல் நிற்கும்.
சொல்லாவிட்டால்?
சட்டப்படி தப்பு, இரண்டு பேர் மேலும்.

முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு
அவள் அடியைத் தடவினாள்.
ஒரு ஆள் உட்காரலாம் இதில், என்றாள்.
கால் நீட்டியா?
மடக்கி.
வெகுநேரம் கழித்து,
சுற்றிப் போனால் எத்தனை மீட்டர் கூடும்?

ஒன்பது.

தோண்டிய வரிசையிலேயே திருப்பி மூடினேன்,
பலகைமேல் கல், கல்மேல் கரி, கரிமேல் புல்.
வாளியின் முதுகால் தட்டினேன்,
பதினான்கு டன் இயந்திரத்துக்குத் தெரிந்த அளவில்
மெதுவாக.

பழைய வரைபடத்தில் அங்கே கோரைக்குறி மட்டும்.
அளக்க வந்தவர்கள் மழையில் வந்திருக்கலாம்.
போன வருஷம் மானியக் கணக்குக்கு வந்த பையன்
டேப்லெட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு
வாய்க்கால் ஏன் இங்கே வளைகிறது என்றான்.
கல், என்றாள்.
பொய் இல்லை.

டெரிலாகன் என்று சொன்னேன்.
பக்கத்து ஊராகவும் இருக்கலாம்.

ரசீதில் நூற்றுப் பத்துக்குத்தான் போட்டிருந்தேன்.
வாங்கி, அடித்து,
இடப்பக்கம் சாய்கிற கையெழுத்தில்
அவளே சேர்த்தாள்:
வளைவு, ஒன்பது மீட்டர், கொடுத்தாயிற்று.
நகல் என் வண்டியில் இருக்கிறது,
சீட்டுக்குப் பின்னால், ஸ்பானர்களோடு.
டீசல் பட்டு
அதுவும் கறுத்துக்கொண்டிருக்கிறது.